காப்ரேரா தீவுக்கூட்டம்: ஒரு நாள் போதுமா, அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமா?

தேங்காய்பன் · மே 3, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் ரெண்டாவது வாரம் மியூனிக்லேர்ந்து ஸ்பெயினோட மல்லோர்கா தீவுக்குப் போறோம், நான், வீட்டுக்காரர், 9 வயசு வாலு ஒண்ணு, அப்புறம் ஊர்லேர்ந்து வந்திருக்கிற எங்கம்மா. பீச்ல படுத்துக் கிடக்கிறதெல்லாம் அம்மாவுக்கு ஒத்து வராது, அரை மணி நேரத்துல "போதும்டி, ரூமுக்குப் போலாம்"னு ஆரம்பிச்சுடுவாங்க. மேப்பை நோண்டிட்டு இருந்தப்ப மல்லோர்காவுக்கு நேர் தெக்கால காப்ரேரான்னு ஒரு தீவுக்கூட்டம் கண்ணுல பட்டுச்சு, தேசியப் பூங்காவாம், யாரும் குடியில்லையாம், ஹோட்டலே கிடையாதாம். எனக்கு ஆசை வந்துடுச்சு, வீட்டுக்காரர் "ஒண்ணுமே இல்லாத ஊருக்குக் காசு குடுத்துப் போறவ நீ ஒருத்திதான்"ங்கிறார்.

யாராவது போயிருக்கீங்களா? ஒரு நாள் போதுமா, ராத்திரி தங்கணுமா? அம்மாவுக்கு 66, முட்டி வலி உண்டு, அசைவம் தொட மாட்டாங்க, போட்ல வாந்தி வருமான்னு தெரியல ஏன்னா இதுவரைக்கும் ஏறினது ஊட்டி ஏரி போட் மட்டும்தான்.

பால்மா பரணி · மே 3, இரவு 11:25

அக்கா நான் மல்லோர்காவோட தலைநகர் பால்மாலதான் ஆறு வருஷமா இருக்கேன், காப்ரேரா மூணு தடவ போயிருக்கேன். வீட்டுக்காரர் சொல்றது உண்மைதான், அங்க ஒண்ணுமே இல்ல, அதுக்காகத்தான் போறதே.

போட் பெரும்பாலும் கொலோனியா டி சான்ட் ஜோர்டிங்கிற ஊர்லேர்ந்து கிளம்பும், மல்லோர்காவோட தெக்கு முனைக்கிட்ட இருக்கு, பால்மாலேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. ரெண்டு வகை போட் உண்டு. சின்ன ஸ்பீட் போட் அரை மணி நேரத்துல கொண்டு போய் விட்டுடும் ஆனா எலும்பெல்லாம் கழண்டு போற மாதிரி குதிக்கும், பெரிய போட் ஒரு மணி நேரம், ஆடி அசைஞ்சு போகும். அம்மா வர்றாங்கன்னா பெரிய போட், யோசிக்கவே வேணாம்.

சாப்பாடு கையோட எடுத்துட்டுப் போங்க. துறையில ஒரே ஒரு கான்டீன், பெருசா எதிர்பார்க்காதீங்க, சைவம் சுத்தமா எதிர்பார்க்காதீங்க. எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போனா ராஜா. தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது. குப்பையை நீங்களேதான் திரும்பக் கொண்டு வரணும், இலை, தோலு, டிஷ்யூ எல்லாம், அதனால ஒரு காலிப் பை எடுத்து வெச்சுக்கோங்க.

சும்மா கேட்டேன் · மே 4, காலை 7:15

மன்னிக்கணும், நான் போயிட்டு வந்து நொந்து போனவன். போட்ல போனோம், இறங்கினோம், அங்க நடக்காதே இங்க நடக்காதே, அந்தப் பாதைக்கு அனுமதி வேணும், இந்த பீச்சுல குளிக்கக்கூடாது, ட்ரோன் கூடாது, கல்லைத் தொடாதே, மூணு மணி நேரம் கழிச்சு "ஏறுங்க ஏறுங்க"ன்னு விரட்டினாங்க. டிக்கெட் விக்கிறப்போ இதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லல. கலங்கரை விளக்கம் வரைக்கும் நடக்கலாம்னு ஆசையா ஷூ எல்லாம் வாங்கிட்டுப் போனேன், நேரமே இல்ல. நாலு பேருக்கு செலவழிச்ச காசுல மல்லோர்காலயே மூணு நாள் காரை வாடகைக்கு எடுத்து சுத்தியிருக்கலாம்.

பால்மா பரணி · மே 4, காலை 9:00

@சும்மா கேட்டேன் பாஸ், உங்க கோவம் புரியுது, நீங்க எடுத்தது மூணு மணி நேர டிக்கெட், அதுல கோட்டை ஏறி இறங்கி ஒரு குளியல் போட்டா நேரம் முடிஞ்சுடும். காலையில போய் சாயங்காலம் திரும்புற டிக்கெட்டும் உண்டு. அக்கா, வாங்கறப்போ "தீவுல எவ்வளவு நேரம்"னு அந்த ஒரு கேள்விய மட்டும் கேட்டுடுங்க, போட்ல எவ்வளவு நேரம்ங்கிறது வேற கணக்கு, சில இடத்துல ரெண்டையும் சேர்த்து "அஞ்சு மணி நேர சுற்றுலா"ன்னு போட்டுருப்பாங்க.

கடலோடி · மே 4, மதியம் 1:10

நான் ஒரு பாய்மரப் படகுல வேலை பாத்தவன், மத்தியதரைக் கடல்ல நாலு சீசன். காப்ரேரால நங்கூரம் போடவே கூடாது, அது மொத விதி. பெரிய துறைக்குள்ள 50 மிதவை கட்டி வெச்சிருக்காங்க, படகோட நீளத்துக்குத் தகுந்த மாதிரி நிறம், முன்கூட்டியே பதிவு பண்ணி அனுமதி வாங்கினவன் மட்டும் வந்து கட்டிக்கலாம். ஆகஸ்ட்ல இடம் கிடைக்கிறது திருப்பதி தரிசன டிக்கெட் மாதிரி, திறந்த உடனே காலி.

ஏன் நங்கூரம் கூடாதுன்னா கீழ புல்லு. அடியில பச்சையா கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கும், நங்கூரம் ஒரு தடவ உழுதுட்டுப் போனா அந்த இடம் நம்ம காலத்துல திரும்ப முளைக்காது. நம்ம பூச்சிப்புத்தகம் இந்தப் பக்கம் வந்தா விவரமா சொல்வார்.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். காலையில கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும், மத்தியானத்துக்கு மேல வெயில்ல தரை சூடாகி கடல்காத்து எழும்பும், மல்லோர்கால அத எம்பாட்னு சொல்வாங்க, அதனால போறப்ப சொகமா போயிட்டு திரும்புறப்பதான் ஆட்டம். வாந்தி மாத்திரை திரும்ப ஏறுறதுக்கு அரை மணி முன்னாடி குடுங்க, காலையில குடுத்துட்டு சாயங்காலத்துக்கு மறந்துடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. உக்கார்றது போட்டோட பின்பக்கம், நடுவுல. முன்னாடி காத்து வாங்கலாம்னு போனா அவ்வளவுதான்.

இன்னொண்ணு, காத்து மோசமா இருந்தா போட்டே கிளம்பாது. நம்ம ஊர்ல வாடை, கச்சான், கொண்டல்னு ஒவ்வொரு திசைக் காத்துக்கும் பேர் இருக்கிற மாதிரி அங்கயும் எட்டு காத்துக்கு எட்டு பேர், டிரமுன்டானா வடக்கு, ஷலோக் தென்கிழக்கு, யெபெச் தென்மேற்கு. டிக்கெட் கவுன்டர்ல இதுல ஒரு பேரச் சொல்லி உதட்டப் பிதுக்கினா அன்னிக்கு வேற பிளான் பண்ணிக்கோங்க. அதனால காப்ரேராவ கடைசி நாளுக்கு வெக்காதீங்க, மொத ரெண்டு நாளுக்குள்ள வெச்சா ரத்தானாலும் இன்னொரு நாள் கையில இருக்கும்.

தேங்காய்பன் · மே 4, மாலை 6:30

அய்யோ எவ்வளவு உதவி, நன்றி நன்றி. கடலோடி அண்ணா, மாத்திரை விஷயத்த எழுதி வெச்சுட்டேன். ராத்திரி தங்குறது பத்தி யாரும் சொல்லலையே? பையன் "கூடாரம் போடலாமா"ன்னு உயிர எடுக்கிறான்.

பால்மா பரணி · மே 4, இரவு 8:05

கூடாரம் கூடவே கூடாது. தங்குறதுக்கு ஒரே ஒரு விடுதி, 24 படுக்கை, மொத்தத் தீவுக்கும் அவ்வளவுதான், ஜூனுக்கு இப்ப கிடைக்குமான்னு சந்தேகம், ஆனாலும் பாருங்க. கடைசி போட் போனப்புறம் இருக்கே, நான் ஒரு தடவ தங்கியிருக்கேன். ஆறு மணிக்கு மேல துறையில கயிறு கிறீச் கிறீச்னு இழுபடுற சத்தம் மட்டும்தான். அப்புறம் ராத்திரி ஒரு ஒன்றரை மணிக்கு பக்கத்து மலையில கைக்குழந்தை அழுற மாதிரி குரல், ஒண்ணு இல்ல, பத்து இருபது. நான் போர்வைய தலைக்கு மேல இழுத்துட்டுப் படுத்துட்டேன். காலையில காவலர்கிட்ட கேட்டா சிரிக்கிறார், பறவையாம்.

பூச்சிப்புத்தகம் · மே 5, காலை 6:50

பரணி பயந்தது ஸ்கோபோலி ஷியர்வாட்டர் பறவைக்கு. பகலெல்லாம் நடுக்கடல்ல இருக்கும், நிலா வெளிச்சம் கூட இல்லாத ராத்திரியா பாத்து கூட்டுக்கு வரும், ஏன்னா தரையில அதால சரியா நடக்க முடியாது, வெளிச்சத்துல வந்தா மத்தவன் தின்னுடுவான். அதோட இன்னொரு சொந்தக்காரன் பலேயரிக் ஷியர்வாட்டர், உலகத்துலயே மல்லோர்கா, மெனோர்கா, இபிஸா எல்லாம் சேர்ந்த இந்த பலேயரிக் தீவுகள்ல மட்டும்தான் முட்டை வைக்குது, அழிவின் விளிம்புல இருக்கு. கூட்டுல எலியும் பூனையும், கடல்ல மீன்பிடி தூண்டில் வரிசையும், ரெண்டு பக்கமும் அடி.

கடலோடி சொன்ன புல்லு பொசிடோனியா. தயவுசெஞ்சு இத பாசின்னு சொல்லாதீங்க, இது பூ பூக்குற, காய் காய்க்கிற, வேர் விடுற நிஜமான செடி, ஒரு காலத்துல தரையில இருந்த வம்சம் கடலுக்குள்ள திரும்பிப் போனது. இந்தக் குறிப்பிட்ட இனம் மத்தியதரைக் கடலத் தவிர வேற எங்கயும் கிடையாது. படர்றது வருஷத்துக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர், அதுக்குள்ள முடிஞ்சுது. தண்ணி அவ்வளவு தெளிவா இருக்கிறதுக்கும் மணல் கரையிலயே நிக்கிறதுக்கும் இதுதான் காரணம். கரையில காஞ்ச இலை ஒதுங்கி பழுப்பா மெத்த மாதிரி குவிஞ்சு கிடக்கும், கொஞ்சம் நாத்தம் அடிக்கும், "என்னடா பீச்ச பெருக்கவே இல்ல"ன்னு தோணும். அது குப்பை இல்ல, குளிர்காலப் புயல்ல மணல் அடிச்சுட்டுப் போகாம பிடிச்சு நிறுத்துற மெத்த. 2018ல பலேயரிக் அரசு இந்தப் புல்லுக்குன்னே தனி ஆணை போட்டுச்சு, புல்லு மேல நங்கூரம் போட்டா அபராதம்.

அப்புறம் பல்லி. பையன் இருக்கான்னு சொன்னீங்கல்ல, அவனுக்கு இதுதான் திருவிழா.

தேங்காய்பன் · மே 5, காலை 8:20

பல்லியா!! எங்கம்மா அலறி ஊரக் கூட்டிடுவாங்க. விழுந்தா பலன் எல்லாம் பாப்பாங்க.

பூச்சிப்புத்தகம் · மே 5, காலை 8:45

சுவத்துப் பல்லி இல்லங்க, நம்ம அரணை சைஸ், மினுமினுன்னு இருக்கும், முதுகு கறுப்பு கலந்த பச்சை, சில குட்டித் தீவுல முழுக் கறுப்பு, வயிறு நீலம். லில்ஃபோர்ட் பல்லின்னு பேரு. ஒரு காலத்துல மல்லோர்கா, மெனோர்கா பெரிய தீவுகள்லயும் இருந்துச்சு, மனுஷன் வந்து கூடவே பூனை, மரநாய், பாம்பு எல்லாம் வந்ததுல அங்க பூண்டோட போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது சுத்தியிருக்கிற குட்டித் தீவுகள்லதான், அதுல பெரும்பங்கு காப்ரேரா கூட்டத்துல. தீவுக்குத் தீவு நிறமும் சைஸும் வேற வேற.

இதுக்கு மனுஷன் மேல பயமே கிடையாது. ஷூ மேல ஏறும், டிபன் டப்பாவ மோப்பம் பிடிக்கும். பூவுல தேன் குடிக்கிறதும் உண்டு, அப்படியே மகரந்தத்தையும் பரப்பி விட்டுடும், பல்லி வண்டு வேலை பாக்குற ஊர் அது. ஆனா சாதம் போடாதீங்க, போடக் கூடாது.

போட்ல ஏறுறதுக்கு முன்னாடி பையி, ஷூவெல்லாம் ஒரு தடவ உதறிப் பாத்துடுங்க. இத ஏன் சொல்றேன்னா, பக்கத்து இபிஸா தீவுல அலங்காரத்துக்குன்னு ஸ்பெயின் நிலப்பகுதியிலேர்ந்து பழைய ஆலிவ் மரங்கள வேரோட பேத்துக் கொண்டு வந்து நட்டாங்க, அந்த மரப் பொந்துக்குள்ள தூங்கிட்டிருந்த குதிரைலாடப் பாம்பும் கூடவே வந்துடுச்சு, 2003 வாக்குல. இப்ப அங்கத்துப் பல்லி இனம் அது வாயில போயிட்டிருக்கு. காசுக்கு வாங்கின மரம் ஒரு தீவோட வம்சத்தக் காலி பண்ணுது.

சும்மா கேட்டேன் · மே 5, மதியம் 12:30

பல்லி பாக்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. சரி சரி, கிண்டல்தான், கோச்சுக்காதீங்க. ஆனா எனக்கு ஒரு நிஜமான கேள்வி. மத்தியதரைக் கடல்ல இருக்கிற எல்லாத் தீவுலயும் ஹோட்டல் முளைச்சுடுச்சு, இது ஒண்ணு மட்டும் எப்படித் தப்பிச்சுது? அவ்வளவு நல்லவங்களா அவங்க?

வரலாறு வாத்தியார் · மே 5, இரவு 9:40

நல்லவங்க எல்லாம் இல்ல தம்பி, ராணுவம். 1916ல, முதல் உலகப் போர் நடுவுல, நீர்மூழ்கிக் கப்பல் ஒளிஞ்சுக்க வசதியா இருக்கும்னு பயந்து ஸ்பெயின் அரசு தீவ தனியார்கிட்டேர்ந்து பறிச்சு ராணுவத்துகிட்ட குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி வெச்சிருந்த குடும்பம் திராட்சை போட்டு ஒயின் எடுக்கலாம்னு கனவு கண்டு பெரிய கிடங்கெல்லாம் கட்டினாங்க, அந்தக் கிடங்குதான் இப்ப மியூசியம். மல்லோர்கா கரையெல்லாம் ஹோட்டலா மாறின 60கள், 70கள்ல இங்க சிப்பாய்க சுட்டுப் பழகிட்டு இருந்தாங்க, அதனால ஒரு செங்கல் ஏறல. அப்புறம் உள்ளூர் சூழல் ஆளுங்க, முக்கியமா கோப் அமைப்பு, விடாம போராடி 1991 ஏப்ரல்ல தேசியப் பூங்கா ஆச்சு. 2019ல எல்லைய ஒன்பது மடங்கு பெருசாக்கினாங்க, சுமார் 10,000 ஹெக்டேர்லேர்ந்து 90,800, கூடின பங்கு அத்தனையும் கடல்தான், ரெண்டாயிரம் மீட்டர் ஆழம் வரைக்கும் போகுது.

ஆனா இந்தத் தீவுக்கு இன்னொரு முகம் இருக்கு, அதச் சொல்லாம "தெளிஞ்ச தண்ணி, நீலக் குகை"ன்னு மட்டும் பேசிட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது.

1808 ஜூலை, பைலேன் சண்டை. நெப்போலியனோட படை ஸ்பெயின்காரங்ககிட்ட தோத்து, ஜெனரல் டூபோன் தன்னோட ஆளுங்களோட சரணடைஞ்சார். ஒப்பந்தத்துல என்ன எழுதினாங்கன்னா உங்கள கப்பல்ல பிரான்சுக்கே அனுப்பிடுறோம்னு. ஜெனரலும் பெரிய அதிகாரிகளும் போய்ச் சேந்தாங்க. சிப்பாய்கள காதிஸ் துறைமுகத்துல பழைய கப்பலுக்குள்ள மாசக்கணக்கா அடைச்சு வெச்சாங்க, அதுக்கப்புறம் 1809 மே மாசம் காப்ரேரால கொண்டு வந்து இறக்கினாங்க. சிறைச்சாலை கிடையாது, சுவரு கிடையாது. வெறும் தீவு. பிழைச்சுக்கோன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க.

பதினொண்ணரை சதுர கிலோமீட்டர்ல ஆயிரக்கணக்கான பேர், குடிக்க ஒரே ஒரு ஊத்து, அதுவும் கோடையில சொட்டுச் சொட்டா. அந்தச் சொட்டுக்கு ராத்திரியும் பகலும் வரிசை. சாப்பாடு மல்லோர்காலேர்ந்து நாலு நாளைக்கு ஒரு தடவ போட்ல வரும், ரொட்டியும் அவரை மாதிரி பயறும். 1810 ஆரம்பத்துல ஒரு தடவ அந்த போட் வரல, புயல். நாள் தள்ளிக்கிட்டே போச்சு. அப்ப நடந்தத உயிரோட திரும்பினவங்க எழுதி வெச்சிருக்காங்க, இங்க நான் எழுதல.

அஞ்சு வருஷம் கழிச்சு 1814ல நெப்போலியன் விழுந்தப்புறம்தான் கப்பல் வந்துச்சு. வந்தவங்க மொத்தம் ஒன்பதாயிரத்துக்கு மேல, கடைசியில கப்பல் ஏறினவங்க நாலாயிரத்துக்கும் கீழ. நடுவுல அதிகாரிகள இங்கிலாந்துக்கு மாத்தினாங்க, சில பேர் ஸ்பெயின் பக்கமே சேர்ந்துட்டாங்க, தப்பிச்சவங்களும் உண்டு, அதனால செத்தவங்க கணக்கு மூவாயிரம்னும் ஐயாயிரம்னும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும்.

எனக்கு மனசுல நிக்கிறது ஒரு சின்ன விஷயம். குடிசை போட்டாங்கல்ல, நடுவுல ஒரு சந்தை மாதிரி இடம் விட்டு அதுக்கு பாலே ரோயால்னு பாரீஸ்ல இருக்கிற இடத்துப் பேர வெச்சாங்க. நாலு அவரைக்கு ஒரு பொருள்னு பண்டமாத்து நடந்துருக்கு. நாடகம் கூடப் போட்டிருக்காங்க.

சும்மா கேட்டேன் · மே 5, இரவு 10:20

ஐயா சத்தியமா எனக்கு இது தெரியாது. நான் அந்த பீச்சுல ஐஸ்க்ரீம் கேட்டு சண்ட போட்டேன்.

பால்மா பரணி · மே 5, இரவு 10:45

கோட்டைக்குள்ள சுவத்துல கைதிங்க கீறின எழுத்து இருக்கு, பேரு, வருஷம், கப்பல் படம். தீவு உள்பக்கம் ஒரு நினைவுத் தூண், 1847ல பிரெஞ்சு கடற்படை வந்து வெச்சது, காப்ரேரால செத்த பிரெஞ்சுக்காரங்க நினைவாகன்னு ரெண்டு வரி. பாதிப் பேர் அது வரைக்கும் போறதே இல்ல, குளிச்சுட்டு ஏறிடுறாங்க.

கடலோடி · மே 6, காலை 5:55

நாங்க படகுல விருந்தாளிங்கள கூட்டிட்டுப் போறப்போ இந்தக் கதைய கேப்டன் சொல்ல விடமாட்டார், லீவுக்கு வந்தவங்க மூட் போயிடும்னு. ஒரு தடவ ஒரு பிரெஞ்சுத் தாத்தா அவரா தெரிஞ்சுக்கிட்டு வந்து தனியா தூண் வரைக்கும் நடந்து போயிட்டு வந்தார், வந்ததும் ராத்திரி சாப்பிடல. யாரும் ஏன்னு கேக்கல.

தேங்காய்பன் · மே 6, இரவு 9:15

வாத்தியார் சார் எழுதினத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அந்த ஊத்த பாக்கணும்"னு சொன்னாங்க, வேற ஒண்ணும் சொல்லல. விடுதி கிடைக்கல, காலை போய் சாயங்காலம் வர்ற டிக்கெட்தான், பெரிய போட். வீட்டுக்காரர் இன்னும் முணுமுணுப்பு. போயிட்டு வந்து எழுதுறேன்.

தேங்காய்பன் · ஜூன் 19, இரவு 11:05

வந்துட்டோம். பெருசா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

மொத நாள் புக் பண்ணினது ரத்து. கடலோடி அண்ணா சொன்ன அதே சீன், கவுன்டர்ல அந்தப் பொண்ணு "யெபெச்"னு சொல்லி உதட்டப் பிதுக்கிச்சு, நான் சிரிச்சுட்டேன், அதுக்கு ஒண்ணும் புரியல. அன்னிக்கு அந்த ஊர்ல இருக்கிற பூங்கா தகவல் மையத்துக்குப் போனோம், மீன் தொட்டியெல்லாம் வெச்சிருக்காங்க, பையன் ஒரு கலவா மீனோட ஒரு மணி நேரம் மூஞ்சிய மூஞ்சி பாத்துட்டு நின்னான். காப்ரேராக்குப் போறதுக்கு முன்னாடி அத பாத்தது நல்லதாப் போச்சு, எந்தத் தண்ணிக்கு அடியில என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சுக் கிளம்பினோம். போறப்ப நிஜமாவே எண்ணெய் மாதிரி கடல். தூரத்துலேர்ந்து பாத்தா வெள்ளச் சுண்ணாம்புப் பாறை, மேல புதர், அவ்வளவுதான், வீட்டுக்காரர் என்ன ஒரு மாதிரி பாத்தார். கிட்டப் போகப் போக பாறை ரெண்டா பிளந்து வழி விடுற மாதிரி துறை திறக்குது, அதுக்கு மேல கோட்டை, உள்ள நுழைஞ்சா ஏரி மாதிரி தண்ணி. யாரும் பேசல போட்ல. எஞ்சின நிறுத்தினதும் அடியில புல்லு அசையறது மேலேர்ந்தே தெரிஞ்சுது, அம்மா "நாத்தங்கால் மாதிரி இருக்குடி"ன்னாங்க. எனக்கு அதுக்கு மேல வர்ணிக்கத் தெரியல.

கோட்டை: அம்மா ஏறினாங்க! பாதை சரளைக்கல்லு, மெதுவா நாப்பது நிமிஷம், நடுவுல நாலு தடவ உக்காந்தோம். உள்ள இருக்கிற சுருள் படிதான் ரொம்பக் குறுகல், ஒரு ஆள் போனா இன்னொரு ஆள் ஒதுங்க இடமில்ல, அது மட்டும் வேணாம்னு கீழயே உக்காந்துட்டாங்க. முட்டி பிரச்சனை இருக்கிறவங்க கோட்டை வாசல் வரைக்கும் தாராளமா போகலாம், அங்கேர்ந்தே பாதித் தீவு தெரியும். சுவத்து எழுத்து பாத்தோம், அதுல ஒரு பேர பையன் எழுத்துக் கூட்டிப் படிச்சான், அவனுக்கு பிரெஞ்சு தெரியாது, தப்பா படிச்சான், நான் திருத்தல.

சாப்பாடு: நிழல்ல உக்காந்து எலுமிச்சை சாதம் டப்பாவ திறந்தேன், ஒரு நிமிஷம் ஆகல, அஞ்சு பல்லி. பூச்சிப்புத்தகம் சொன்ன மாதிரியே. ஒண்ணு அம்மா செருப்பு மேல ஏறி உக்காந்துக்கிச்சு. நான் மூச்ச பிடிச்சுட்டு பாக்கறேன், அம்மா கால அசைக்கவே இல்ல, குனிஞ்சு அதையே பாத்துட்டு "அரணைக்கு ஞாபகமறதின்னு சொல்வாங்க, இதுக்கு பயப்படவே மறந்து போச்சு போல"ன்னாங்க. தொண்டை துடிக்கிறது தெரியுது, வயித்துப் பக்கம் அப்படி ஒரு நீலம், மயில் கழுத்து மாதிரி. ஒரு பருக்கை கீழ விழுந்தத எடுக்கறதுக்குள்ள ஒண்ணு கவ்விட்டு ஓடிருச்சு, பின்னாடி நாலும் துரத்துச்சு. சட்டத்த மீறிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

தூண்: வெயில்ல நடக்கணும், நிழல் கம்மி, தொப்பி இல்லாம போகாதீங்க. நாங்க போனப்ப வேற யாருமே இல்ல. அம்மா தண்ணி பாட்டிலத் திறந்து தூணுக்குக் கீழ கொஞ்சம் ஊத்தினாங்க. வீட்டுக்காரர், அதான் அந்த முணுமுணுப்புக்காரர், தன்னோட பாட்டில்லேர்ந்தும் ஊத்தினார்.

ஊத்து பாக்க முடியல, நேரம் ஆயிடுச்சு. அது அம்மாவுக்குக் குறைதான். சும்மா கேட்டேன் சார் சொன்னதுல பாதி நிஜம், முழு நாள் டிக்கெட் எடுத்தும் கைக்கடிகாரத்தப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

திரும்புறப்ப நீலக் குகைக்குள்ள போட்ட விட்டாங்க. சாயங்கால வெயில் தண்ணிக்கு அடியால உள்ள வந்து குகை முழுக்க கீழேர்ந்து லைட் போட்ட மாதிரி. குதிச்சுக் குளிச்சவங்க கையி காலெல்லாம் நீலம். பையனும் அவங்கப்பாவும் குதிச்சாங்க. அதுக்கப்புறம் ஆட்டம்னா ஆட்டம், ஜெர்மன்காரங்க ரெண்டு பேர் பையும் கையுமா இருந்தாங்க, அம்மா மாத்திரை போட்டுட்டு பின்னாடி நடுவுல உக்காந்து தூங்கிட்டே வந்துட்டாங்க. கடலோடி அண்ணா வாழ்க.

கடலோடி · ஜூன் 20, காலை 6:10

அம்மாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க. நாத்தங்கால்னு சொன்னாங்க பாருங்க, நாலு சீசன் பாத்தும் எனக்கு அந்த வார்த்தை வரல.

சும்மா கேட்டேன் · ஜூன் 20, காலை 8:30

செப்டம்பர்ல மறுபடி போறேன். முழு நாள். யாரும் சிரிக்க வேணாம்.

பூச்சிப்புத்தகம் · ஜூன் 20, காலை 8:50

செப்டம்பர்னா தலைக்கு மேல பாருங்க, எலினோரா வல்லூறு குஞ்சு வளர்க்கிற நேரம். மத்த பறவையெல்லாம் வசந்தத்துல முட்டை வெச்சா இது மட்டும் நடுக்கோடை வரைக்கும் காத்திருந்து வைக்கும், ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டிப் போற சின்னப் பறவைங்கள வழியிலயே மடக்கி குஞ்சுக்கு ஊட்டும்.

தேங்காய்பன் · ஜூன் 21, இரவு 9:50

ஒரு அவசர சந்தேகம். துணி துவைக்கப் போடுறப்போ பையன் டவுசர் பாக்கெட்ல பழுப்பா ஒரு உருண்டை, தேங்கா நார உருட்டி வெச்ச மாதிரி, எலுமிச்சம்பழம் சைஸ். காப்ரேரா பீச்சுல பொறுக்கினானாம். ஏதாவது முட்டையா? நான் தொடல.

பூச்சிப்புத்தகம் · ஜூன் 21, இரவு 10:05

ஹாஹா முட்டை இல்ல. பொசிடோனியாவோட நாரு, செத்த இலைக்காம்பெல்லாம் நைஞ்சு போய் அலையில உருண்டு உருண்டு அப்படி பந்தாகும், ஒண்ணும் பண்ணாது. ஆனா பூங்காவுலேர்ந்து எதையும் எடுத்துட்டு வரக்கூடாதுங்க.

தேங்காய்பன் · ஜூன் 21, இரவு 10:10

அய்யய்யோ. அவன்கிட்ட சொன்னேன், இப்ப அழுறான், போலீஸ் வருமான்னு கேக்கிறான். மியூனிக்ல நான் எந்தக் கடல்ல கொண்டு போய் போடுறது?

பால்மா பரணி · ஜூன் 21, இரவு 10:40

அக்கா என் ரூம்மேட் அடுத்த வாரம் மியூனிக் வழியா வர்றான். அவன்கிட்ட குடுத்து விடுங்க, நான் கொண்டு போய் போட்டுடுறேன், எனக்கும் நாலாவது தடவ போறதுக்கு ஒரு சாக்கு. கூடவே ஒரு பாக்கெட் புளிக்காய்ச்சல் வெச்சு விடுங்க, இங்க கிடைக்கிறது வாயில வைக்க விளங்கல.